எமிலை எழுதியவரும் எமிலை வரைந்தவரும்: எரிக் கெஸ்ட்னர், வால்டர் டிரியர்

1965ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'குழந்தையும் தெய்வமும்' திரைப்படத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குட்டி பத்மினி இரட்டைச் சிறுமிகளாக நடித்த படம். பிரிந்து வாழும் தாயையும் தந்தையையும் சேர்த்து வைப்பதற்காக இரண்டு பிள்ளைகளும் இடம் மாறிக்கொள்வார்கள். இக்கதை 1961இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த ஆங்கிலப் படத்தைத் தழுவியது. அந்த ஆங்கிலப் படம் 1949இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் சிறுவர் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நூலின் பெயர் 'இரட்டை லோட்டே'. எழுதியவர் எரிக் கெஸ்ட்னர் (1899–1974). படங்களை வரைந்தவர் வால்டர் டிரியர் (1890–1951).

கெஸ்ட்னரின் பெயர் உலகெங்கும் தெரியும். டிரியரின் பெயர் அந்த அளவுக்குத் தெரியாது. ஆனால் வகுப்பறையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் தேடுவது படத்தைத்தான். எழுத்தைப் படிக்க வருவதெல்லாம் அதற்குப் பிறகு. இருபது ஆண்டுக் காலம் இவ்விருவரும் சேர்ந்து உருவாக்கிய நூல்களையும், அந்தக் காலத்தில் அவர்களுக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

ஆசிரியர் வேலையை விட்ட மாணவன்

கெஸ்ட்னர் 1899 பிப்ரவரி 23 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை எமில், தோல் வேலை செய்யும் தொழிலாளி. தாய் ஈடா வீட்டிலேயே பெண்களுக்கு முடி திருத்தும் தொழில் செய்து, ஒரே மகனைப் படிக்க வைத்தார். வருமானம் போதாமல் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தனர். அதில் குடியிருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். அவர்களைப் பார்த்தே வளர்ந்த சிறுவனுக்கு ஆசிரியர் ஆகவேண்டும் என்ற ஆசை வந்தது.

1913இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டம் அது. அங்கே ஒரு பயிற்சி அதிகாரி கொடுத்த கொடுமையான உடற்பயிற்சியால் இதயம் பாதிக்கப்பட்டு, அந்தக் கோளாறு வாழ்நாள் முழுவதும் உடன் இருந்தது. போர் முடிந்து திரும்பிய பின், படிப்பு முடியும் தறுவாயில், தான் கற்பிக்கப் பிறந்தவன் அல்லன், கற்கவே பிறந்தவன் என்று உணர்ந்து பயிற்சிப் பள்ளியை விட்டு வெளியேறினார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இந்த இடம் சற்று உறுத்துகிறது. ஆனால் பின்னாளில் 'பறக்கும் வகுப்பறை' என்ற நூலில் அவர் படைத்த விடுதி ஆசிரியர் யூஸ்டுஸ், சிறுவர் இலக்கியத்தில் வரும் மிக நல்ல ஆசிரியர்களுள் ஒருவர். தான் மாணவனாக இருந்தபோது தனக்கு அநீதி நடந்த அதே பள்ளிக்கு, மற்ற பிள்ளைகளுக்கு அது நடக்கக்கூடாது என்பதற்காகவே ஆசிரியராகத் திரும்பி வருகிறார் அவர்.

கெஸ்ட்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்று 1925இல் முனைவர் பட்டம் பெற்றார். நாளிதழில் வேலை பார்த்தார். 1927இல் ஒரு கவிதை சர்ச்சையாகி வேலை போயிற்று. பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்து, கவிதைகளும் நாடக விமரிசனங்களும் எழுதிப் பிழைத்தார். சிறுவர் நூல் எழுதும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை.

பிராகா நகரத்து ஓவியர்

டிரியர் கெஸ்ட்னரை விட ஒன்பது வயது மூத்தவர். 1890 ஜூன் 25 அன்று பிராகா நகரில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மியூனிக் நகரில் ஓவியம் பயின்று, அங்கேயே நகைச்சுவை இதழ்களுக்கு வரையத் தொடங்கினார். 1910இல் பெர்லின் இதழ் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் பெர்லின்வாசிகளுக்கு மிகவும் பழக்கமான கேலிச்சித்திரக் கலைஞர் ஆனார். இதழ் அட்டை, விளம்பரம், மேடை அலங்காரம், உடை வடிவமைப்பு என்று கைக்கு வந்த எல்லாவற்றையும் செய்தார். பொம்மைகளைச் சேகரிப்பது அவருடைய ஆசை.

அவருடைய கோடு மெல்லியது. தேவையில்லாத ஒரு கீறல்கூட இருக்காது. கேலி இருக்கும், ஆனால் காயப்படுத்தாது. திருடனைக்கூட அவர் கொஞ்சம் பாவப்பட்டவனாகத்தான் வரைந்தார்.

ஒரு பதிப்பாளரின் யோசனை

இருவரையும் ஒன்று சேர்த்தவர் எடித் யாக்கப்சோன் என்ற பெண் பதிப்பாளர். ஆங்கிலச் சிறுவர் நூல்களான 'டாக்டர் டூலிட்டில்', 'வின்னி த பூ' ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர். அவருடைய கணவர் நடத்திய அரசியல் வார இதழில் கெஸ்ட்னர் எழுதிவந்தார். கணவர் 1926இல் இறந்த பிறகு எடித்தே அந்த இதழின் பதிப்பகத்தையும் கவனித்துக்கொண்டார். ஜெர்மன் மொழியில் நல்ல சிறுவர் நூல்கள் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டவர், நீங்களே ஒன்று எழுதுங்கள் என்று கெஸ்ட்னரைக் கேட்டார். 1929இல் 'எமிலும் துப்பறிவாளர்களும்' வெளிவந்தது.

கதை எளிமையானது. நொய்ஸ்டாட் என்னும் சிற்றூரில் முடி திருத்தும் தொழில் செய்யும் ஏழைத் தாயின் மகன் எமில். பெர்லினில் உள்ள பாட்டியைப் பார்க்க இரயிலில் போகிறான். தாய் கொடுத்தனுப்பிய 140 மார்க் பணத்தைச் சட்டைப் பையின் உட்புறத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறான். அவன் தூங்கும்போது உடன் வந்த தொப்பிக்காரன் பணத்தைத் திருடிவிடுகிறான். காவல்துறையிடம் போக எமிலுக்குப் பயம். ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்கு மூக்கில் சிவப்புச் சாயம் பூசியவன் அவன். ஆகவே தானே திருடனைப் பின்தொடர்கிறான். ஊதுகுழல் வைத்திருக்கும் குஸ்டாவ் என்ற பையனும், அவனுடைய தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். 'செவ்வாய்' என்ற பெயருடைய குட்டிப் பையன் வீட்டில் தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்து செய்தி பரிமாறும் வேலையைப் பார்க்கிறான். எல்லாரும் வெளியே ஓடித் திரியும்போது தன் இடத்தை விட்டு நகராமல் இருப்பவன் அவன்தான். முடிவில் நோட்டுகளில் இருக்கும் குண்டூசித் துளைகளே பணம் யாருடையது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

எமில் என்பது கெஸ்ட்னரின் தந்தை பெயர். எமிலின் தாய்க்குக் கெஸ்ட்னரின் தாய் செய்த தொழில். போதாததற்கு, கதையில் எமிலுக்கு டிராம் கட்டணம் கொடுத்து உதவும் பத்திரிகையாளரின் பெயரும் கெஸ்ட்னர்தான். அதுவரை ஜெர்மன் சிறுவர் நூல்களில் குட்டிச்சாத்தான்களும் அரசகுமாரர்களும் நிறைந்திருந்தனர். டிராம், தொலைபேசி, வங்கி, நாளிதழ் அலுவலகம் என்று தாங்கள் வாழும் நகரத்தையே நூலில் கண்ட பிள்ளைகள் அதை விடவில்லை.

இங்கே டிரியரின் பங்கைக் கவனிக்க வேண்டும். கதை தொடங்குவதற்கு முன்பே அந்நூலில் பத்துப் படங்கள் வருகின்றன. எமில், அவன் தாய், இரயில் பெட்டி, தொப்பி அணிந்த மனிதர், பாட்டி, ஊதுகுழல் பையன் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே கெஸ்ட்னர் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். படங்களைப் பார்த்து, இவர்களுக்கிடையில் என்ன நடந்திருக்கும் என்று வாசகரே ஊகித்துக்கொண்டு கதைக்குள் போகிறார். எழுத்தாளர் தம் கதையின் வாசலை ஓவியரிடம் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று சொல்லலாம். அட்டைப்படம் இன்னும் புகழ்பெற்றது. மஞ்சள் நிறத் தெரு. ஆளில்லாத அந்தத் தெருவில் தொப்பிக்காரன் நடந்து போகிறான். விளம்பரத் தூணுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் மறைந்து நின்று எட்டிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். இன்றும் ஜெர்மனியில் அந்த அட்டையோடுதான் நூல் விற்பனையாகிறது.

தொடர்ந்து நூல்கள் வந்தன. பணக்கார வீட்டுப் பெண்ணும் ஏழைப் பையனும் நண்பர்களாகும் கதை 1931இல். நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளில் நடக்கும் 'மே 35' என்ற கற்பனைக் கதை அதற்கு அடுத்து. எமில் கதை 1931இலேயே திரைப்படமாயிற்று. திரைக்கதை எழுதியவர் பின்னாளில் ஹாலிவுட்டில் பெரும்புகழ் பெற்ற பில்லி வைல்டர். அப்போது அவர் பெர்லினில் இருந்த இளைஞர்.

ஹான்ஸ் லோர் என்ற சிறுவன் எமில் நூலைப் படித்துவிட்டுக் கெஸ்ட்னருக்குக் கடிதம் எழுதினான். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. திரைப்படத்தில் 'செவ்வாய்' வேடம் அவனுக்கே கிடைத்தது. எமிலாக நடித்தவன் ரோல்ஃப் வென்க்ஹவுஸ். இருவரும் 1942இல் ஹிட்லரின் போரில் படைவீரர்களாக மடிந்தனர். லோருக்கு அப்போது இருபது வயது.

1933

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே 10 அன்று பெர்லினில் இசை நாடக அரங்கின் முன்னுள்ள சதுக்கத்தில் மாணவர்கள் நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். கெஸ்ட்னரின் நூல்களும் அதில் இருந்தன. தம் நூல்கள் எரிவதை நேரில் பார்க்கக் கெஸ்ட்னர் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். அவருடைய பெயரை உரக்க வாசித்து நூல்களைத் தீயில் போட்டனர். ஓர் இளம்பெண் அவரை அடையாளம் கண்டு கூவிவிட, அவர் அங்கிருந்து நழுவினார்.

தடைசெய்யப்பட்ட அவருடைய நூல்களில் ஒன்று மட்டும் விலக்குப் பெற்றது. அது 'எமில்'. பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்க அப்போது ஆட்சியாளருக்கே துணிவில்லை போலும். அந்த ஆண்டின் இறுதியில் 'பறக்கும் வகுப்பறை' வெளிவந்தது. அதுவும் டிரியரின் படங்களுடன்தான்.

யூதரான எடித் யாக்கப்சோன் 1933இலேயே நாட்டை விட்டு வெளியேறி, 1935இன் கடைசி நாளன்று இலண்டனில் இறந்தார். அவருடைய பதிப்பகத்தை குர்ட் மாஷ்லர் என்ற பதிப்பாளர் வாங்கியிருந்தார். ஜெர்மனியில் வெளியிட முடியாத கெஸ்ட்னரின் நூல்களுக்காகச் சுவிட்சர்லாந்தில் 'ஆட்ரியம்' என்ற பதிப்பகத்தையும் அவர் தொடங்கினார். எமிலின் இரண்டாம் கதை 1935இல் அங்கிருந்து வந்தது.

ஹிட்லரைக் கேலி செய்து வரைந்தவர், அதுவும் யூதர். டிரியருக்குப் பெர்லினில் இனி இடமில்லை. 1936இல் மனைவியுடன் இலண்டனுக்குச் சென்றார். நாற்பத்தாறு வயது. தெரியாத மொழி. ஓவியருக்கு ஒரு வசதி உண்டு, கோட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். 1937இல் இலண்டனில் 'லில்லிபுட்' என்ற மாத இதழ் தொடங்கியது. முதல் இதழிலிருந்து 1949 வரை அதன் அட்டையை டிரியர் வரைந்தார். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய் கட்டாயம் இருக்கும். ஆடை மாறும், காலம் மாறும், நாடு மாறும். அந்த மூவர் மாறமாட்டார்கள். போர்க்காலத்தில் பிரிட்டன் அரசுக்காக நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கைகளையும் வரைந்தார்.

கெஸ்ட்னர் வெளியேறவில்லை. தாயைத் தனியே விட மனமில்லாதது ஒரு காரணம். நடப்பதைச் சாட்சியாக இருந்து பார்த்து எழுதவேண்டும் என்பது இன்னொன்று. இரகசியக் காவல்துறை இருமுறை அவரைப் பிடித்து விசாரித்தது. புனைபெயர்களில் மேடை நாடகங்களும் திரைக்கதைகளும் எழுதி வாழ்ந்தார். 1943இல் வெளிவந்த 'மியூன்ஹவுசன்' என்ற பெரிய வண்ணப்படத்துக்குக் கதை எழுத அவருக்குத் தனி அனுமதி கிடைத்தது. அது நாஜி அரசின் பணத்தில் எடுக்கப்பட்ட படம். பின்னர் அந்த அனுமதியும் பறிக்கப்பட்டு, எழுதவே கூடாது என்ற தடை வந்தது. நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேட்டில் சுருக்கெழுத்தில் இரகசியமாகக் குறிப்புகள் எழுதிவைத்தார். அவற்றைக் கொண்டு எழுத நினைத்த பெரிய நாவலை அவர் கடைசிவரை எழுதவில்லை.

நாட்டிலேயே தங்கியது சரியா என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தங்கியவர் எல்லாரும் உடந்தை என்பதை நான் ஏற்கவில்லை. அதேவேளை, தங்கலாமா போகலாமா என்று யோசிக்கும் வாய்ப்பாவது அவருக்கு இருந்தது. டிரியருக்கு அது இல்லை.

இடையில் ஒருமுறை இருவரும் சந்தித்தனர். 1937 கோடையில் டிரியர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கு வந்திருந்தார். கெஸ்ட்னர் எல்லைக்கு இப்பால் ஜெர்மன் ஊரான ரைகன்ஹாலில் தங்கினார். ஜெர்மானியர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய பணத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. சால்ஸ்பர்க்கில் அறை எடுத்துத் தங்கக் காசு போதாது. ஆகவே பகலில் எல்லையைக் கடந்து போவதும் இரவில் திரும்பி வருவதுமாக இருந்தார். இந்த வேடிக்கையை வைத்தே பெரியவர்களுக்கான ஒரு சிறு நாவல் எழுதினார். அதன் நாயகன் சந்திக்கப் போகும் நண்பர் ஓர் ஓவியர். 1938இல் அது ஆட்ரியம் வெளியீடாக வந்தது. படங்கள் வரைந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரியாவும் ஹிட்லர் வசமாகி, அந்த எல்லையே இல்லாமல் போயிற்று.

கடல் கடந்து வந்த படங்கள்

1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் கெஸ்ட்னரின் பிறந்த ஊரான டிரெஸ்டன் அழிந்தது. போர் முடிந்தபின் அவர் மியூனிக் நகரில் வாழ்ந்து, நாளிதழில் பணியாற்றினார். இளையோருக்கான இதழ் ஒன்றையும் நடத்தினார். டிரியர் 1947இல், மகள் வாழ்ந்த கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். இப்போது இருவருக்கும் நடுவே அட்லாண்டிக் பெருங்கடல்.

அப்படியிருந்தும் கூட்டு நின்றுவிடவில்லை. இதற்கு யெல்லா லெப்மன் என்ற பெண்மணியும் ஒரு காரணம். ஜெர்மன் யூதரான அவர் 1936இல் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, போருக்குப் பின் அமெரிக்க இராணுவத்தின் ஆலோசகராகத் தாய்நாடு திரும்பியவர். பசியால் வாடும் பிள்ளைகளுக்கு ரொட்டியோடு புத்தகமும் வேண்டும் என்று வாதாடியவர். 1946இல் பல நாடுகளின் சிறுவர் நூல்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்தினார். 1949இல் மியூனிக்கில் பன்னாட்டு இளையோர் நூலகத்தை நிறுவினார். விலங்குகள் எல்லாம் கூடி உலக சமாதானத்துக்காக மாநாடு நடத்தினால் எப்படி இருக்கும் என்ற யோசனையைக் கெஸ்ட்னரிடம் சொன்னவர் அவரே.

'விலங்குகளின் மாநாடு' 1949இல் வெளிவந்தது. மனிதர்களின் மாநாடுகள் ஒன்றுக்கும் உதவவில்லை என்று யானை ஆஸ்கார், சிங்கம் அலோய்ஸ், ஒட்டகச்சிவிங்கி லியோபோல்டு ஆகியோர் சலித்துக்கொள்கிறார்கள். 'குழந்தைகளுக்காக' என்பதே அவர்கள் கூட்டும் மாநாட்டின் நோக்கம். மனிதர்களின் கோப்புகளை எலிகள் தின்கின்றன. சீருடைகளை அந்துப்பூச்சிகள் அரிக்கின்றன. அதற்கும் பெரியவர்கள் மசியாதபோது, உலகத்துக் குழந்தைகள் எல்லாரையும் விலங்குகள் ஒரே இரவில் ஒளித்து வைத்துவிடுகின்றன. இந்நூலில் படம் இல்லாமல் கதையைத் தனியே பிரிக்க முடியாது. சீருடைகள் துளைத்துளையாக உதிர்வதை வரைந்தவர், அப்படிப்பட்ட சீருடைகளிடமிருந்து ஓடித் தப்பியவர்.

அதே 1949இல் வந்ததுதான் 'இரட்டை லோட்டே'. தடைக்காலத்தில், 1942இல், திரைக்கதையாகக் கெஸ்ட்னர் உருவாக்கிய கதை அது. கோடை விடுமுறை இல்லத்தில் வியன்னாவிலிருந்து வந்த லூயிசும் மியூனிக்கிலிருந்து வந்த லோட்டேயும் சந்திக்கிறார்கள். அச்சில் வார்த்த ஒரே முகம். தாயும் தந்தையும் மணமுறிவு பெற்று ஆளுக்கொரு குழந்தையை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். மணமுறிவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதலாமா என்ற கேள்வியைக் கதையின் நடுவிலேயே நிறுத்தி, கெஸ்ட்னர் பதில் சொல்கிறார். குழந்தை நட்சத்திரமான ஷெர்லி டெம்பிள் தான் நடித்த படங்களையே பார்க்க அனுமதிக்கப்படவில்லை என்பதை எடுத்துக்காட்டி, பிள்ளைகள் அனுபவிக்கும் துன்பத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசாமல் இருப்பதுதான் பொய் என்ற கருத்தை வைக்கிறார். நம் ஊரில் இன்றும் பலர் ஒப்புக்கொள்ளாத கருத்து. 'குழந்தையும் தெய்வமும்' பார்த்து அழுதவர்களும் அவர்களுள் உண்டு.

டிரியர் 1951 ஜூலை 8 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், காலிங்வுட் ஊருக்கு அருகில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுப்பு இன்று டொரொன்டோவில் உள்ள ஒன்டாரியோ ஓவியக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. கெஸ்ட்னரின் பிற்கால நூல்களுக்கு ஹோர்ஸ்ட் லெம்கே என்ற ஓவியர் வரைந்தார். அவரும் நல்ல ஓவியர்தான். ஆயினும் பழைய நூல்களின் அட்டையிலிருந்து டிரியரை யாரும் எடுக்கவில்லை.

சிறுவர் இலக்கியத்தின் உயரிய விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1960இல் கெஸ்ட்னருக்குக் கிடைத்தது. ஓவியர்களுக்கு அதே விருதைத் தனியாக வழங்கும் வழக்கம் 1966இல்தான் தொடங்கியது. அப்போது டிரியர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கெஸ்ட்னர் 1974 ஜூலை 29 அன்று மியூனிக்கில் மறைந்தார்.

இருவருடைய நூல்களையும் நாடு நாடாகக் கொண்டுபோய்க் காப்பாற்றிய பதிப்பாளர் குர்ட் மாஷ்லர் கடைசியில் இலண்டனில் குடியேறினார். 1982இல் அங்கே ஒரு விருதை ஏற்படுத்தினார். எழுத்தும் ஓவியமும் ஒன்றையொன்று உயர்த்தி, ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும் சிறுவர் நூலுக்கே அது உரியது. 1999 வரை வழங்கப்பட்ட அந்த விருதை மக்கள் 'எமில்' என்றே அழைத்தனர். முதல் ஆண்டு அதைப் பெற்ற நூல் ஒரு தேவதைக் கதைத் தொகுப்பு. தொகுத்து எழுதியவர் ஏஞ்சலா கார்ட்டர், வரைந்தவர் மைக்கேல் ஃபோர்மன்.